மேலே இருக்கும் வீட்டில் இப்போது மணி என்ன?

மார்கழி வந்தால் விடிகாலையில் எழுந்திருக்க ஊருக்கே ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. கோயில் ஒலிபெருக்கி நாலரைக்கெல்லாம் எழுப்பிவிடும். அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போவாள், நான் மொட்டைமாடிக்கு. அரையாண்டு லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகளும் இப்போது போர்வையைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே ஏறி வருகிறாள். சர்வதேச விண்வெளி நிலையம் திருச்சிக்கு மேலே போவதை அவளுக்குக் காட்டினேன். எவ்வளவு பெரிசு, எவ்வளவு வேகம் என்று கேட்பாள், விடை தயாராக வைத்திருக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“மாமா, உள்ளே இருக்கறவங்க இப்ப என்ன பண்ணிட்டிருப்பாங்க?”

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அங்கே மணி என்ன என்று முதலில் தெரிய வேண்டும். சூரியனைப் பார்த்து அவர்களால் நாளைக் கணக்கிட முடியாது. சுமார் 93 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடுவதால் ஒரு நாளைக்குப் பதினாறு சூரியோதயம், பதினாறு அஸ்தமனம். அதனால் கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 6 மணிக்கு எழுகிறார்கள், அப்போது நமக்குப் பதினொன்றரை. இரவு ஒன்பதரைக்குப் படுக்கிறார்கள், நமக்கு அப்போது மறுநாள் விடிகாலை மூன்று.

ஆக, மார்கழி விடியலில் ஐந்தேகால் மணிக்கு நம் தலைக்கு மேல் அது பளபளவென்று போகிறபோது உள்ளே எல்லோரும் தூக்கத்தில் இருக்கிறார்கள். மாலை ஆறேமுக்கால் மணிவாக்கில் போனால் அங்கே மதியம் ஒன்றேகால், சாப்பாட்டு நேரம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: காலையில் கை ஆட்டக் கூடாது, தூங்குகிறவர்களுக்கு எதற்குக் கை? மாலையில் ஆட்டலாம்.

2025 டிசம்பரில் நிலையத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். மூன்று அமெரிக்கர், மூன்று ரஷ்யர், ஒரு ஜப்பானியர். ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் வீடு பூட்டப்பட்டதில்லை. 2000 நவம்பர் 2 அன்று முதல் குழு உள்ளே நுழைந்தது. 2025 நவம்பரோடு 25 வருடம் முடிந்தது. அந்த முதல் குழுவில் ஒரு அமெரிக்கர், இரண்டு ரஷ்யர்: பில் ஷெப்பர்ட், யூரி கிட்சென்கோ, செர்கேய் கிரிகாலேவ். என் அக்கா மகள் பிறந்ததிலிருந்து இன்றுவரை பூமிக்கு மேலே ஆளில்லாத நாள் ஒன்றுகூட இருந்ததில்லை. அவளுக்கு அது பெரிய ஆச்சரியமாகவும் படவில்லை. அவளைப் பொறுத்தவரை அங்கே ஆள் இருப்பதுதான் வழக்கம்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு அங்கே மிகவும் பிடித்த விஷயமே அதுதான். ஆளுக்கொரு சின்ன அறை. ஒருவர் நிற்கலாம், லேப்டாப் ஒன்றை மாட்டலாம், அவ்வளவுதான் இடம். சுவரில் கட்டிய தூக்கப்பைக்குள் புகுந்துகொள்ள வேண்டும். படுக்கிறோமா நிற்கிறோமா என்ற கேள்விக்கே அங்கே பொருளில்லை. ஆனால் முகத்தருகே காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். நம் ஊரில் நாம் விடும் மூச்சுக்காற்று சூடாக இருப்பதால் தானாக மேலே எழும்பிப் போய்விடுகிறது. அங்கே மேல் கீழ் கிடையாது, சூடான காற்று எழும்ப வழி இல்லை. விசிறி ஓடாவிட்டால் நாம் விட்ட கரியமில வாயுவே நம் முகத்தைச் சுற்றித் தேங்கி நிற்கும். அதனால் நிலையம் முழுக்க இரவு பகலாக விசிறிச் சத்தம்தான். அமைதியான விண்வெளி என்பதெல்லாம் சினிமாவில்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பதுதான். அந்த உயரத்தில் புவியீர்ப்பு இல்லாமல் இல்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் நாம் தரையில் உணர்வதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அதில் உள்ளவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள், விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுவதால் பூமி வளைந்து விலகிக்கொண்டே போகிறது. திருச்சியிலிருந்து சென்னைக்கு அந்த வேகத்தில் முக்கால் நிமிடம்கூட ஆகாது.

எழுந்தபிறகு என்ன வேலை? தரையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையங்களோடு காலையில் ஒரு கூட்டம், இரவில் ஒரு கூட்டம். நடுவில் அட்டவணை நிமிடக்கணக்கில் வந்துவிடும். பாதி நேரம் ஆராய்ச்சி. மீதி நேரம் பராமரிப்பு: வடிகட்டி மாற்றுவது, பம்ப் பார்ப்பது, கழிவறை சரிசெய்வது. சனிக்கிழமையானால் வேக்குவம் கிளீனரை எடுத்துக்கொண்டு வீடு சுத்தம். தூசு கீழே படியாது, காற்றோடு போய் வடிகட்டி வாய்களில் ஒட்டிக்கொள்ளும். அங்கேதான் துடைக்க வேண்டும். தொலைந்த சாமான்களைத் தேடும் இடமும் பெரும்பாலும் அதுதான்.

எல்லாமே அங்கே போய்ச் சேருவதில்லை என்பதற்கு விண்வெளி வீரர் ஃபிராங்க் ரூபியோவின் தக்காளி சாட்சி. அவர் நிலையத்தில் விளைந்த குட்டித் தக்காளியைப் பையில் போட்டு ஒட்டி வைத்தார், பை மிதந்து போய்விட்டது. அவர் தின்றுவிட்டார் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவர் வந்த சோயுஸ் கலத்தில் குளிர்விப்பான் கசிந்துவிட்டதால் ஆறு மாதப் பயணம் 371 நாளாக நீண்டது. அத்தனை நாளில் தேடியும் கிடைக்கவில்லை. அவர் 2023 செப்டம்பரில் பூமிக்கு இறங்கினார். டிசம்பரில் மேலே இருந்தவர்கள் காய்ந்து சுருங்கிய தக்காளியைக் கண்டுபிடித்து அவர் மேல் இருந்த பழியைத் துடைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று விண்நடையின்போது ஒரு கருவிப்பை கைநழுவிப் போனது. அது சில மாதம் தனியாகவே பூமியைச் சுற்றியது. தரையிலிருந்து பைனாகுலரில் அதைப் பார்த்துக் குறித்தவர்கள்கூட உண்டு.

ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உடற்பயிற்சிக்குப் போகிறது. எடையைத் தாங்காத எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் கரையும். இடுப்பு எலும்புக்குத்தான் பாதிப்பு அதிகம். டிரெட்மில்லில் ஓட வேண்டுமானால் தோளிலும் இடுப்பிலும் பட்டை மாட்டித் தன்னைத் தானே கீழ்நோக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். சுனிதா வில்லியம்ஸ் 2007 ஏப்ரலில் இப்படிக் கட்டிக்கொண்டே பாஸ்டன் மாரத்தானை முழுதாக ஓடினார். கீழே பாஸ்டனில் பந்தயம் நடந்த அன்றே, சுமார் நாலரை மணி நேரம். அந்த நேரத்துக்குள் நிலையம் பூமியை மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருந்தது. அதே சுனிதாதான் 2024 ஜூனில் எட்டு நாள் சோதனைப் பயணம் என்று போய் 286 நாள் கழித்து வந்தார்.

தண்ணீர்க் கணக்கைக் கேட்டால் எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைப்பவர்கள் சிரிப்பார்கள். சிறுநீர், வியர்வை, மூச்சில் வரும் ஈரம் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். 2023இல் 98 சதவீதத்தைத் திரும்ப மீட்கும் நிலையை எட்டினார்கள். ஆனால் துணி துவைப்பது கிடையாது. போட்டுப் போட்டு முடிந்ததும் குப்பையோடு சேர்த்துச் சரக்குக் கலத்தில் அடைத்துவிடுவார்கள். அது கடலுக்கு மேலே வளிமண்டலத்தில் எரிந்து போகும்.

நம் ஆள் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று கிளம்பி, மறுநாள் நிலையத்துக்குள் நுழைந்தார், ஜூலை 15 அன்று கடலில் இறங்கினார். விண்வெளிக்கு 1984இல் போன ராகேஷ் சர்மாவுக்குப் பின் இரண்டாவது இந்தியர், இந்த நிலையத்துக்கு முதல் இந்தியர். கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் மாம்பழச் சாறும் கொண்டுபோனது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அவர் அங்கே செய்த வேலைதான் எனக்குச் சுவையானது: தட்டில் பாசிப்பயறும் வெந்தயமும் முளைகட்டினார். கர்நாடகத்துத் தார்வாட் விவசாயப் பல்கலைக்கழகமும் அங்குள்ள ஐஐடியும் அனுப்பிய சோதனை. எடையில்லாத இடத்தில் வேர் எந்தப் பக்கம் போவது என்று விதைக்குத் தெரியுமா, முளையில் சத்து மாறுமா, அதன் அடுத்த தலைமுறைகள் எப்படி வளரும் என்று பார்ப்பதற்காக. நீண்ட பயணத்தில் மண்ணும் வெயிலும் இல்லாமல் இரண்டு நாளில் பச்சையாகத் தின்னக் கிடைப்பது முளைப்பயறு தவிர வேறு என்ன இருக்கிறது? இந்த யோசனை நம் சமையலறைகளிலிருந்து போனதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை. அவர் மேலே இருந்த நாட்களில் திருச்சி வானத்தில் பாதிநாள் மேகம், அது வேறு கதை.

சரி, பார்ப்பது எப்படி? தொலைநோக்கி வேண்டாம். வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விண்வெளி ஆர்வம் வந்ததும் ஆன்லைனில் ஐயாயிரம் ரூபாய்க்குத் தொலைநோக்கி வாங்கி, ஆடுகிற முக்காலியோடு மல்லுக்கட்டி, பரணில் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். நிலையம் 109 மீட்டர் நீளம். அதன் சூரியத் தகடுகளில் பட்டு வரும் வெயில், நல்ல நாளில் குருவைவிடப் பிரகாசமாகத் தெரியும். தரையில் இருட்டு, 400 கிலோமீட்டர் மேலே இன்னும் வெயில்: இந்த இரண்டும் சேரும் நேரத்தில்தான் கண்ணில் படும். அதாவது சூரியன் மறைந்தபின் ஒன்றிரண்டு மணி நேரம், உதிப்பதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம். நள்ளிரவில் அதுவும் பூமியின் நிழலுக்குள் போய்விடுகிறது.

மினுக்கினால் விமானம். மினுக்காமல் நிதானமாக, எப்போதும் மேற்குப் பாதியிலிருந்து கிழக்குப் பாதிக்குப் போனால் அது. வடமேற்கில் தலைகாட்டும்போது அது குஜராத் கடலோரத்துக்கு மேலே இருக்கிறது. ஆறு நிமிடம் கழித்துத் தென்கிழக்கில் இறங்கும்போது சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கு மேல். மாலை நேரமானால் பாதி வழியிலேயே செம்மை தட்டி மங்கிக் காணாமல் போவதும் உண்டு, நிழலுக்குள் நுழைந்துவிட்டது. விடிகாலையில் இதற்கு நேர் எதிர்: ஒன்றுமில்லாத இடத்திலிருந்து திடீரென்று முளைக்கும். எனக்கு விடிகாலைதான் பிடிக்கும்.

நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ செயலி, இல்லையென்றால் ‘ஹெவன்ஸ் அபோவ்’ தளம், இரண்டில் ஒன்றில் உங்கள் ஊரைக் கொடுத்தால் நேரம், திசை, எவ்வளவு உயரம் ஏறும் என்று சொல்லிவிடும். உயரத்தைப் பாகையில் தருவார்கள். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. 40க்குக் கீழே ஏறுகிற தரிசனத்துக்காக நான் எழுந்திருப்பதில்லை. தென்னை மரமும் செல்போன் டவரும் மறைத்துவிடும்.

எந்த நாட்களில் வரும் என்பதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. நட்சத்திரங்கள் நாளுக்கு நாலு நிமிடம் முன்னதாக உதிக்கின்றன, மாதத்துக்கு இரண்டு மணி நேரம். வானம் மாதாமாதம் மாறுவது இதனால்தான். நிலையம் அவ்வளவு நிதானமில்லை. பூமி நடுவில் சற்றுப் புடைத்திருப்பதால் அந்தப் புடைப்பு நிலையத்தின் பாதையை இழுத்து, நாளுக்குச் சுமார் 5 பாகை மேற்கே திருப்பிக்கொண்டே இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் ஒரு பாகையையும் சேர்த்தால் 6. நேரமாக மாற்றினால் 24 நிமிடம், அதாவது நம் கணக்கில் சரியாக ஒரு நாழிகை. நாளுக்கு ஒரு நாழிகை முன்னே வருகிறது, 60 நாளில் 60 நாழிகையும் கடந்து பழைய நேரத்துக்கே வந்து நிற்கிறது. பஞ்சாங்கம் கணித்தவர்கள் கையில் கொடுத்திருந்தால் அவர்களே வாக்கியம் எழுதி வைத்திருப்பார்கள் என்று தோன்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் பாதை 23 பாகை மேற்கே தள்ளிப்போவதால் நேற்றைய நேரத்தில் 24 நிமிடத்தைக் கழித்துவிட்டு மாடி ஏற முடியாது, செயலியைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் சில நாள் கண்ணுக்குக் குளிர வந்துவிட்டுப் பிறகு ஓரிரு வாரம் ஆளையே காணோம் என்றால், நாழிகை நகர்ந்து பகலுக்குள்ளும் நள்ளிரவுக்குள்ளும் போயிருக்கிறது என்று பொருள்.

அப்படி அது வராத நாட்களில்தான் மார்கழி வானத்தைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. விடிகாலை ஐந்து மணிக்குத் தெற்கே பாருங்கள். தொடுவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரத்தில் தென்சிலுவை ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். அப்படியே திரும்பி வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் உயரத்தில். அதில் வால்பக்கம் இரண்டாவதாக வசிட்டர், ஒட்டினாற்போல அருந்ததி. கல்யாணத்தன்று பட்டப்பகலில் மண்டபத்து வாசலில் எதையோ பார்த்துத் தலையாட்டியவர்களெல்லாம் இப்போது உண்மையிலேயே பார்த்துக்கொள்ளலாம். லண்டனில் இருப்பவருக்குத் தென்சிலுவை உதிப்பதே இல்லை, மெல்போர்னில் இருப்பவருக்குச் சப்தரிஷி முழுதாகக் கிடைக்காது. நமக்கு ஒரே நேரத்தில் தெற்கே அது, வடக்கே இது. 11 பாகை அட்சரேகையில் வீடு கட்டியதற்கு வாடகை இல்லாத லாபம். கிழக்குப் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி, அதற்குத் தெற்கே வெள்ளையாகச் சித்திரை. தென்கிழக்கின் அடியில் கேட்டை சிவப்பாக உதித்துக்கொண்டிருக்கும். இதே வானம் மே மாதம் இரவு எட்டு மணிக்கு வந்துவிடும், அப்போது பனியும் இருக்காது. அம்மா மாடிப்படியடியில் நின்றுகொண்டு “மப்ளரைக் கட்டிக்கோடா, அவளையும் ஏன் பனியில நிறுத்தற” என்று கத்தவும் மாட்டாள்.

மாலை வானம் வேறு. எட்டு மணிக்கு உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகை, கிழக்கே மிருகசீரிடமும் திருவாதிரையும். இந்தத் திருவாதிரை 2019 கடைசியில் திடீரென்று மங்கத் தொடங்கி, 2020 தொடக்கத்தில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. வெடிக்கப் போகிறது என்று பரபரப்பு. கடைசியில் அது கக்கிய தூசு மேகம் நம் பார்வையை மறைத்திருந்தது என்று தெரிந்தது. இரவு பத்துக்கு மேல் தெற்கே தாழ்வாக அகத்தியர் தெரிவார். கிரகங்களில் 2025 டிசம்பரில் இரண்டுதான். மேற்கே சனி; அந்த ஆண்டு மார்ச் மாதம் அதன் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருந்தது, அப்போதும் ஊசி மாதிரிதான் இருந்தது. கிழக்கே குரு, 2026 ஜனவரி 10 அன்று சூரியனுக்கு நேர் எதிரே வந்ததால் அந்த வாக்கில் சூரியன் மறையும்போதே உதித்தது. வெள்ளியும் செவ்வாயும் சூரியனுக்குப் பின்னால் இருந்தன, தேடிப் பயனில்லை.

அம்மாவுக்கு இந்த நிலையத்தின்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. 1979இல் நாசாவின் விண்வெளி நிலையமான ஸ்கைலாப் விழப்போகிறது என்று ஊரே நடுங்கிய காலத்தில் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. இரண்டு நாள் வீட்டைவிட்டு விடவில்லையாம். சூரியனின் சீற்றத்தில் வளிமண்டலம் உப்பி, ஸ்கைலாபின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. தூக்கி நிறுத்த வழி இல்லை. ஜூலை 11 அன்று இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டு துண்டாக விழுந்தது. அங்கே எஸ்பெரன்ஸ் என்ற ஊர் நிர்வாகம் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதியது. “இதுவும் விழுமா?” என்று அம்மா கேட்டாள். விழும், விழவைப்பார்கள். 2030 வரை ஓட்டிவிட்டு, பிறகு தள்ளி இறக்குவதற்கென்றே ஒரு கலத்தைச் செய்யும் வேலையை 2024இல் ஸ்பேஸ்எக்ஸிடம் கொடுத்திருக்கிறார்கள். நிலையத்தின் எடை 420 டன், பசிபிக்கில் கரையிலிருந்து மிகத் தொலைவான நீமோ முனைப் பக்கம் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். அதற்குப் பிறகு நம் மாடிக்கு மேலே சீனர்களின் தியான்கோங் இருக்கும், இப்போதே மூன்று பேரோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. சற்று மங்கல், ஆனால் தெரியும். பழகிக்கொள்ள வேண்டியதுதான், எனக்கு மனமில்லை.

2026இல் ஜனவரி 3 அன்று திருவாதிரைத் திருநாள். அன்று இரவு முழுநிலவுக்கு மிக அருகே குரு நின்றது, அதைப் பார்க்க நகரத்து வெளிச்சம்கூடத் தடையாக இல்லை. பைனாகுலர் இருந்தால் முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு குருவைப் பாருங்கள்; ஒரே கோட்டில் அதன் நிலாக்கள் இரண்டோ மூன்றோ, அதிர்ஷ்டம் இருந்தால் நாலும். அந்த ஜனவரி 3 இரவே உச்சத்துக்கு வந்த குவாட்ரான்டிட் எரிகல் மழையை அந்த முறை விட்டுவிட வேண்டியதாயிற்று, நிலவு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பிப்ரவரி 1 தைப்பூசத்துக்கும் இதே பிரச்சினைதான்: நிலவுக்குப் பக்கத்திலேயே இருந்த பூச நட்சத்திரக் கூட்டம் அதன் வெளிச்சத்தில் மறைந்துபோனது. பிப்ரவரி 6, 7 வாக்கில் நிலவு பத்து மணிக்கு மேல்தான் உதித்தது. ஒன்பது மணிக்குக் கிழக்கே குருவுக்குக் கீழே பைனாகுலரை மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தால், பொடிப்பொடியாக அந்தக் கூட்டம் தட்டுப்பட்டது.